இசைத்தட்டு யாருடையது?

இசையைக் கேட்பது ஒரு கலை. கேட்ட இசையைப் பற்றி வாதிடுவது மற்றொரு கலை. முன்னதில் நம் மாணவர்கள் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். பின்னதில் ஆர்வம் மிகுதி, முறைதான் குறைவு. விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்தபின் எழும் வாதங்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை முறையோடு நடத்துவது எப்படி என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாதம் இதுதான்: எம்.எஸ். சுப்புலட்சுமி கொடுத்த இசைத்தட்டுகளுள் தலைசிறந்தது எது?

திருப்பதியில் பயிலும் நமக்கு இவ்வாதம் அயலானது அன்று. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்கு வரும் பாதையும், தர்மாவரத்துப் பாதையும் கூடும் இடம் பாகாலா சந்திப்பு. அங்கே விடியற்காலை வண்டிக்குக் காத்திருப்பவர், தேநீர்க் கடையிலிருந்தோ கோயில் ஒலிபெருக்கியிலிருந்தோ அந்தச் சுப்ரபாதத்தைக் கேளாமல் போவது அரிது. தமிழ் பேசுபவரும் தெலுங்கு பேசுபவரும் எங்கள் குரல் என்று ஒருங்கே உரிமை கொண்டாடும் குரல் அது. மதுரையில் 1916இல் பிறந்த அந்த அம்மையாருக்குத் திருப்பதி நகரில் 2006இல் சிலை எழுந்ததும் அந்த உரிமையினால்தான்.

மூன்று கட்சிகள்

வாதத்தில் பெரும்பாலும் மூன்று கட்சிகள் உண்டு. முதற்கட்சியார் பழைய தட்டுகளின் அன்பர்கள். ‘மீரா’ படக் காலத்துக் குரலின் துள்ளலும் வேகமும் பின்னர் வரவில்லை என்பர். இரண்டாங்கட்சியார் கச்சேரி ரசிகர்கள். 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் பாடியது போன்ற மேடைப் பதிவுகளில்தான் முழுமையான வித்துவத்தைக் காணலாம் என்பர். மூன்றாங்கட்சியார் சுப்ரபாதத்தையும் அன்னமாசாரியர் பாடல்களையும் முன்வைப்பர். கோடி வீடுகளுக்குள் புகுந்த இசையை மிஞ்சியது வேறு ஏது என்பது அவர்கள் கேள்வி.

மூவர் பேச்சையும் கூர்ந்து கேட்டால் ஒரு பொதுக்குறை புலப்படும். மூவரும் ஒரு தட்டில் உள்ள எல்லாவற்றையும் பாடகரின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றனர். பாட்டு குறுகியிருந்தால் அவர் குறுக்கினார் என்பர். பக்திப் பாடலாயிருந்தால் அவர் வித்துவத்தை விட்டுவிட்டார் என்பர். ஆனால் கச்சேரி வேறு, இசைத்தட்டு வேறு. கச்சேரியில் பாடகரே தலைவர். இசைத்தட்டிலோ பாடகரைத் தவிரப் பல கைகள் வேலை செய்கின்றன. அந்தக் கைகளை அடையாளம் காணாமல் எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது, சாட்சிகளை விசாரிக்காமல் வழக்கை முடிப்பதை ஒக்கும்.

மூன்று நிமிடக் கலை

முதற் கை, கருவியின் கை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டில், 10 அங்குல அளவில், ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே இடம். கல்கத்தாவில் 1902 நவம்பரில் கௌஹர் ஜான் பாடியபோது, பிரெடு கெய்ஸ்பர்கு என்ற பதிவாளர் இந்த அளவுக்குள் அவர் பாட்டை அடக்கினார். பாட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவிப்பதை இன்றும் கேட்கலாம். பதிவு ஜெர்மனிக்குப் போய்த் தட்டாக வரவேண்டியிருந்தது. அங்கே உள்ளவர்கள் பாடியவர் யார் என்று அறிவதற்காகவே இந்த ஏற்பாடு. நம் நாட்டு இசைத்தட்டு வரலாறு தொடங்கும்போதே, பாடகர் அருகில் அமைப்பாளர் ஒருவர் நின்றுவிட்டார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்திலேயே இன்னொரு சான்று உண்டு. சித்தூர் மாவட்டத்துப் புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் மாணவர். லயக் கணக்கிலும் பல்லவியிலும் வல்லவர். 1954இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். மேடையில் மணிக்கணக்காக விரியும் வித்துவம் அது. ஆயினும் ஊர்தோறும் அவர் பெயரைக் கொண்டுபோனது ‘மதுரா நகரிலோ’ என்ற ஆனந்தபைரவிப் பாட்டின் சிறு தட்டு. தட்டை மட்டும் கேட்டு அவரை அளப்பவர், கடலைச் செம்பால் அளக்கிறார். தட்டின் குறுக்கம் பாடகரின் குறுக்கம் அன்று.

இதே நோக்கில் முதற்கட்சியாரின் வாதத்தையும் ஆராயலாம். 1945இல் வெளிவந்த தமிழ் ‘மீரா’வின் ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதியது, இசை எஸ்.வி. வெங்கட்ராமன். அத்தகைய பாட்டின் விறுவிறுப்பில் இளமைக் குரலுக்குப் பங்கு உண்டு. சில நிமிடத்துக்குள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடவேண்டும் என்ற நெருக்கடிக்கும் பங்கு உண்டு. திரைப்பட இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு. மூன்றையும் பிரித்தறிந்த பிறகும் அத்தட்டு இனிக்கும். இனிப்பின் காரணமும் விளங்கும்.

பின்னால் நிற்பவர்

இரண்டாவது கை, தயாரிப்பாளரின் கை. இச்சொல்லைக் கேட்டதும் பணம் போடுபவரை மட்டும் நினைக்கிறோம். மேலைநாட்டில் இச்சொல்லுக்குப் பொருள் விரிந்தது. இலண்டனில் பீட்டில்ஸ் குழுவினரின் தட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின், 1965இல் அவர்களது ‘யெஸ்டர்டே’ என்ற பாட்டுக்கு நான்கு தந்திக் கருவிகளைச் சேர்க்கலாம் என்று சொல்லி, அதற்குரிய இசையையும் அமைத்தார். அப்பாட்டைப் பற்றிப் பேசுவோர் அவரை விட்டுவிட்டுப் பேசுவதில்லை. அங்குள்ள ரசிகர்களின் வாதத்தில் பாடகர் பெயரோடு தயாரிப்பாளர் பெயரும் வரும்.

நம்மிடம் அவ்வேலை பலரிடையே பகிர்ந்து கிடந்தது. கம்பெனி அதிகாரி ஒரு பங்கு செய்வார். குருவோ மெட்டமைத்தவரோ ஒரு பங்கு. வீட்டார் ஒரு பங்கு. எம்.எஸ். விஷயத்தில் பெரும்பங்கு அவர் கணவர் தி. சதாசிவத்தினுடையது. எங்கே பாடுவது, எதைப் பாடுவது, எந்த வரிசையில் பாடுவது என்பவற்றில் அவர் சொல் முன்னின்றது என்பது ஊரறிந்த செய்தி. தட்டின் உறையில் தயாரிப்பாளர் என்று அவர் பெயரைத் தேடினால் கிடைக்காமற் போகலாம். வேலையைத் தேடினால் கிடைக்கும்.

இங்கேதான் வாதம் சூடேறும். சதாசிவம் அவரைப் பக்தி என்ற வேலிக்குள் அடைத்துவிட்டார் என்பர் சிலர். அவர் இல்லாவிடில் அக்குரல் உலகுக்கு எட்டியிராது என்பர் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மை. வீடுகளுக்கென்று செய்த தட்டுகளை மட்டும் கேட்பவருக்கு முதற் கூற்றே முழு உண்மையாகத் தோன்றும். ஆனால் அவருடைய கச்சேரிப் பதிவுகளில் விரிவான ஆலாபனையும் நிரவலும் சுரமும் பல்லவியும் இருக்கின்றன. ஆதலின் வேலி என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி சதாசிவம் போட்டது. மற்றொரு பகுதி வாங்குவோரின் விருப்பமும் விற்போரின் கணக்கும் போட்டது. ரசிகர்களாகிய நாமும் அந்த வேலிக்கு முள் வெட்டியவர்களே என்பதை மறத்தல் ஆகாது.

1963ஆம் ஆண்டுத் தட்டு

சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்வோம். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரதிவாதி பயங்கரம் அண்ணன் இயற்றியது அது. சுப்ரபாதம் 29, ஸ்தோத்திரம் 11, பிரபத்தி 16, மங்களாசாசனம் 14 என்று மொத்தம் 70 சுலோகங்கள். நிதானமாகச் சொன்னால் இருபது நிமிட அளவு ஆகும். பழைய தட்டில் இதைப் பதிந்தால் ஆறேழு பக்கங்களுக்குத் துண்டாட வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து முள்ளை எடுத்துவைக்க வேண்டும். பெருமாளைத் துயிலெழுப்பும் வேலை அப்படி நடக்குமா?

அமெரிக்காவில் 1948இல், நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே கால் அளவுக்குச் சற்று மேலாக மட்டுமே சுழலும் நீண்டநேர இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம். எல்.பி. என்று நாம் சொல்லும் அத்தட்டு நம் நாட்டிலும் பரவிய பிறகு, 1963இல் எச்.எம்.வி. கம்பெனி சுப்ரபாதத்தை வெளியிட்டது. எம்.எஸ். குரலோடு ராதா விசுவநாதன் குரலும் அதில் இணைந்தது. முறியாத ஓட்டம்தான் அத்தட்டின் உயிர். அந்த ஓட்டத்தைத் தந்தது பாதி குரல், பாதி கருவி. எனினும் கருவியால் மட்டும் ஆகிவிடவில்லை. அதே சுலோகங்களை அதே வகைத் தட்டில் வேறு பலரும் கொடுத்தனர். விடியலோடு ஒட்டிக்கொண்டது ஒரு குரலே. கருவி வாய்ப்பைத் தரும். வாழ்வைத் தருவது பாடகர்.

செப்பேட்டிலிருந்து தட்டுக்கு

நம் திருப்பதிக்கு இன்னும் நெருங்கியது ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’. தாள்ளப்பாக்கத்தில் பிறந்த அன்னமாசாரியர் (1408–1503) ஏறக்குறைய 32,000 பாடல்கள் பாடினார் என்பது மரபு. அவற்றுள் 12,000க்கு மேற்பட்டவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் இருந்தன. செப்பேட்டில் பாட்டு உண்டு, இராகத்தின் பெயரும் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. பாட்டு இருந்தும் பாட முடியாத நிலை. தேவஸ்தானத்தின் சார்பில் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா அப்பாடல்களை ஆராய்ந்து, பலவற்றுக்கு மெட்டமைத்தார். நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, கடையநல்லூர் வெங்கடராமன் போன்றோரும் இப்பணியில் ஈடுபட்டனர்.

இத்தகைய உழைப்பின்மேல்தான் 1979–80இல் ஐந்து எல்.பி. தட்டுகள் எழுந்தன. தயாரிக்க முன்வந்தது திருமலை திருப்பதி தேவஸ்தானம். முன்னின்று நடத்தியவர் அப்போதைய நிர்வாக அதிகாரி பி.வி.ஆர்.கே. பிரசாத். எம்.எஸ். அப்போது அறுபது வயதைக் கடந்தவர். அந்த வயதில் புதிய பாடல்களை மாணவியைப் போல் பாடம் பண்ணிப் பாடினார்.

இத்தொகுதியைக் கச்சேரிப் பதிவோடு ஒப்பிட்டு, ஆலாபனை குறைவு என்று தள்ளுவது பொருந்தாது. அதன் வேலை ஆலாபனை செய்வதன்று. ஐந்நூறு ஆண்டுகளாகச் செம்பில் உறங்கிய பாட்டை வீட்டுக்கு வீடு பாடவைப்பது. அந்த வேலை நிறைவேறிற்று. நம் வகுப்பிலேயே அன்னமாசாரியர் கீர்த்தனை ஒன்றேனும் தெரிந்த தமிழ் மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுள் பலரிடம் அப்பாட்டு வந்துசேர்ந்த வழி இந்தத் தட்டுகளே.

வாதிடும் முறை

ஆகவே ஒரு தட்டை மதிப்பிடுமுன் ஐந்து வினாக்களைக் கேட்டுக்கொள்வது நலம். எந்த ஆண்டில் பாடியது? எவ்வளவு நேரம் கொள்ளும் தட்டு? யார் பாடச் சொன்னார்? யார் மெட்டமைத்தார், யார் சொல்லிக்கொடுத்தார்? யாருக்காகச் செய்தது? இவற்றுக்கு விடை கண்டபின், எஞ்சி நிற்பது எதுவோ அதுவே பாடகரின் தனிச்சொத்து. எம்.எஸ். தட்டுகளில் அந்த எச்சம் சிறியதன்று. சுருதி வழுவாமை, சொல்லைச் சிதைக்காமை, எந்த மொழியையும் அதற்குரிய ஒலியோடு சொல்லும் கவனம் ஆகிய மூன்றும் மூன்று நிமிடத் தட்டிலும் உண்டு, ஐந்து தட்டுத் தொகுதியிலும் உண்டு. பிறருக்கு உரியதைப் பிறருக்குக் கொடுத்துவிட்டால் பாடகரின் பெருமை குறையும் என்று அஞ்சவேண்டியதில்லை. அவருடைய உண்மையான பெருமை இன்னது என்று அப்போதுதான் தெளிவாகும்.

இதை இன்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து எல்.பி. தட்டின் உறையைத் திருப்பினால் பக்கவாத்தியக்காரர் யார், மெட்டமைத்தவர் யார் என்ற செய்திகள் கிடைக்கும். இன்று கைப்பேசியில் பாட்டு உடனே வருகிறது. பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் வருகின்றன. மற்றப் பெயர்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. ஆண்டும் பலவேளை தவறி வருகிறது. இன்னும் ஒரு தலைமுறை போனால் செப்பேட்டுக்கு உயிர் கொடுத்தவர்களை யாரும் அறியமாட்டார்கள். பாட்டு இருக்கும், அதைப் பாட்டாக்கியவர் இரார்.

இதைத் தடுக்கப் பெரும்பொருள் வேண்டியதில்லை. பாகாலாவிலும் சித்தூரிலும் நகரியிலும் புத்தூரிலும் உள்ள நம் வீடுகளில், அலமாரி மேலோ பரண்மேலோ பழைய தட்டுகள் தூசி படிந்து கிடக்கக்கூடும். அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்கள் அவற்றை இறக்கித் துடைத்து, உறையிலும் தட்டின் நடுத்தாளிலும் அச்சிட்டுள்ள பெயர்களையும் எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஐம்பது தட்டுகளின் குறிப்பு சேர்ந்தாலும் நம் சங்கத்துக்கு அது ஒரு செல்வம். அதன்பிறகு எது சிறந்த தட்டு என்று விடிய விடிய வாதிடுவோம். அப்போது வாதம் முடியாமற் போனாலும் அறிவு வளரும்.