வையாவிருத்தியமும் மூளைக்கட்டி நோயாளியின் இல்லமும்

அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியம் ஒன்றாகும். துறவியர்க்கு ஆற்றும் தொண்டாகவே இதனை நாம் பெரிதும் பயில்கிறோம். இல்லத்தில் நோயுற்றோரைப் பேணுவார்க்கும் இதில் பாடம் உண்டு. மூளைக்கட்டி நோயைக் கொண்டு அதனை ஆராய்வோம்.

நோயின் இயல்பு

மூளைக்கட்டி யாவும் புற்றுநோய் அல்ல. மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெல்ல வளர்வது. கிளையோபிளாஸ்டோமா விரைந்து வளர்வது. கட்டி அமைந்த இடத்திற்கேற்பத் துன்பம் வேறுபடும். மூளையின் முன்பகுதியைத் தாக்கின் பொறுமை குன்றலாம், வெகுளி மிகலாம், எதிலும் நாட்டமின்மை தோன்றலாம். மொழிக்குரிய பகுதியைத் தாக்கின் சொல் தடுமாறும். நாற்பது ஆண்டுகள் இனிது பேசிய கணவர் சுடுசொல் கூறுங்கால் மனைவியின் உள்ளம் உடைகிறது. அச்சொல் நோயின் செயல். அவர்தம் பண்பின் செயலன்று. இதனை உணர்தலே பேணுதலின் முதற்படி.

பேணுவார் அறிய வேண்டுவன

1. வலிப்பு வருங்கால் கையில் இரும்பைத் திணித்தலும் வாயில் எதனையும் இடுதலும் ஆகா. ஒருபக்கமாகச் சாய்த்துக் கிடத்திக் கடிகாரத்தை நோக்குக. 5 நிமிடத்தைக் கடப்பின் 108 ஊர்தியை அழைக்க.

2. மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெதசோன் பசியையும் இரத்தச் சர்க்கரையையும் மிகுவிக்கும், உறக்கத்தைக் கெடுக்கும். பலநாள் உண்டபின் திடீரென நிறுத்துதல் உயிர்க்கே ஊறாகலாம். நோன்பு நாளிலும் இதனையோ வலிப்பு மருந்தையோ தாமாக நிறுத்தலாகாது. உறக்கம் கெடாதிருக்க டெக்சாமெதசோனைக் காலையிலும் நண்பகலிலும் கொடுப்பது பெருவழக்கு. ஆதலின் இரவுணவு நீத்த இல்லத்தார் தம் விரதத்தை மருத்துவரிடம் கூறி வேளைகளை வகுத்துக்கொள்க.

பயணமும் பொருளும்

கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பெற்றது. எனினும் மூளை அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் புதுச்சேரி ஜிப்மர், சென்னை, வேலூர் எனச் செல்வோர் பலர். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில்தான். கொடிய கட்டிக்குக் கதிர்வீச்சு பெரும்பாலும் வாரம் 5 நாளாக 6 வாரம் நடைபெறும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கீழிறங்கி அத்தனை நாள் வெளியூரில் தங்கின், துணைக்குச் சென்றவரின் கூலி போகும். விளைநிலமும் மாடும் பார்ப்பாரின்றி நிற்கும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்க உதவும், வீட்டைப் பார்த்துக்கொள்ளாது. அது சுற்றத்தாரின் கடன்.

பேணுவாரைப் பேணுதல்

பெரும்பாலான இல்லங்களில் இச்சுமை ஒரு பெண்ணின் தோளிலேயே விழுகிறது. இரவில் அவர் உறங்குவதில்லை. தம் சர்க்கரை மாத்திரையையும் மறக்கிறார். காண வருவோர், "எல்லாம் வினைப்பயன்" என்று கூறிச் செல்கின்றனர். வினைக்கொள்கையை நாம் அறிவோம். அதனை நோயாளியின் கட்டிலருகே சொல்லிக்காட்டுதல் தொண்டாகாது. வாரத்தில் ஓரிரவேனும் உடன்பிறந்தாரோ மருமக்களோ விழித்திருந்து அவரை உறங்கவிடுதலே தொண்டு. 2021இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புப் பேணலும் வீட்டிற்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுக.

நம் ஊரில் இத்தகைய இல்லம் ஒன்று இருப்பின், நோயாளியின் நலம் வினவியபின், "நீங்கள் உண்டீரா? உறங்கினீரா?" எனப் பேணுவாரையும் வினவுவோம். வையாவிருத்தியம் அவ்வினாவிலும் தொடங்கும்.