தாம்பரம் பக்கத்தில் கெமிஸ்ட் வேலை: பத்தாம் வகுப்பிலேயே பிடிக்க வேண்டிய மூன்று

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வேதியியலுக்கு ஐந்து பாடங்கள். தேர்வுக்கு ஐந்தையும் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தாம்பரம், பல்லாவரம், ஆலத்தூர், நெம்மேலி என்று நம் பக்கத்தில் இருக்கும் ஆய்வக வேலைகளுக்குப் போக நினைப்பவர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியவை மூன்றுதான்: மோல், செறிவு, பிஹெச். வரையறையை மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும். வேலையில் யாரும் வரையறை கேட்பதில்லை, அளவைத்தான் கேட்பார்கள்.

குரோம்பேட்டையிலிருந்தே தொடங்குவோம். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சேம்பர்ஸ் என்பவர் நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால்தான் ஊருக்கே அந்தப் பெயர். பக்கத்தில் பல்லாவரம், நாகல்கேணியிலும் தோல் தொழிற்சாலைகள் பெருகின. குரோம் முறையில் தோல் பதனிடும்போது டிரம்முக்குள் நடப்பது முழுக்க முழுக்கப் பிஹெச் பாடம்.

மயிரும் சுண்ணாம்பும் நீக்கிய தோலை உப்பும் கந்தக அமிலமும் கலந்த தண்ணீரில் போட்டு டிரம்மைச் சுழற்றுவார்கள். இதைப் பிக்கிள் என்பார்கள். பிஹெச் மூன்றுக்குச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். அந்த நிலையில் பேசிக் குரோமியம் சல்ஃபேட்டைச் சேர்த்தால், குரோமியம் தோலின் புரதத்தோடு உடனே பிணையாமல் உள்வரை ஊடுருவும். ஊடுருவிய பிறகு சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு 3.8, 4 என்று பிஹெச்சை ஏற்றுவார்கள். அப்போதுதான் குரோமியம் கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகளோடு இறுகப் பிணையும். அவசரப்பட்டு ஒரேயடியாக ஏற்றினால் மேல்பரப்பிலேயே பிணைந்துவிடும், தோலின் நடுப்பகுதி பதப்படாமல் நின்றுபோகும்.

பிக்கிள் முடிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தோலின் தடித்த இடத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, வெட்டுமுகத்தில் புரோமோகிரிசால் கிரீன் ஒரு சொட்டு விடுவார்கள். முழுக்க மஞ்சளானால் சரி. நடுவில் பச்சையோ நீலமோ கோடாகத் தெரிந்தால் அமிலம் இன்னும் உள்ளே போகவில்லை, டிரம் மறுபடி ஓட வேண்டும். பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாளை நனைத்து நிறம் பார்க்கிறோமே, அதன் பின்னால் இருக்கும் வேதியியல்தான் இங்கேயும். பிஹெச் 2.8 என்பது 3.8 ஆகும்போது எண்ணில் ஒன்றுதான் கூடுகிறது, ஹைட்ரஜன் அயனிச் செறிவோ பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் காரத்தை ஏன் தவணை தவணையாக விடுகிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து மோல். கடையில் வரும் பேசிக் குரோமில் 25 சதவீதம் குரோமியம் ஆக்சைடு என்று போட்டிருக்கும். நூறு கிலோவில் குரோமியம் மட்டும் எவ்வளவு? குரோமியத்தின் அணுநிறை 52, ஆக்சிஜனுடையது 16. ஆக்சைடில் குரோமியம் இரண்டு, ஆக்சிஜன் மூன்று: 104-உம் 48-உம் சேர்ந்து 152. ஆக 25 கிலோ ஆக்சைடில் 25 பெருக்கல் 104 வகுத்தல் 152, அதாவது சுமார் 17 கிலோ. ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ பாடத்தைத் தாண்டி இதில் ஒன்றுமே இல்லை.

வழக்கமான முறையில் போட்ட குரோமியம் முழுவதையும் தோல் பிடித்துக்கொள்வதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவுநீரோடு போகிறது. மக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் பிஹெச்சை எட்டுக்கு மேல் கொண்டுபோனால் அந்தக் குரோமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படியும். வடித்துக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்கே போடலாம். இதைச் செய்யாமல் விட்ட காலத்தின் விலையை நிலத்தடி நீர் கொடுத்தது. வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைகளையும் சுத்திகரிப்புக்குக் கட்டுப்படுத்தியது. கழிவுநீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் கெமிஸ்ட் வேலை எவ்வளவு பொறுப்பானது என்பது இதிலிருந்தே புரியும். குடிநீரில் குரோமியத்துக்கு இந்தியத் தரநிலை விதித்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் அது வெறும் கணக்குப் பிழை அல்ல, ஒரு தெருவே குடிக்கும் தண்ணீர்.

கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வகங்களில் அன்றாடம் நடக்கும் சோதனை சி.ஓ.டி., அதாவது வேதி ஆக்சிஜன் தேவை. கழிவுநீரோடு பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவைப்பார்கள். மிஞ்சிய டைகுரோமேட்டை ஃபெரஸ் அம்மோனியம் சல்ஃபேட்டால் தரம்பார்ப்பார்கள். இது பிளஸ் டூ செய்முறையில் வரும் மோர் உப்பேதான். ஆறு என்ற ஆக்சிஜனேற்ற நிலையிலிருந்து குரோமியம் மூன்றுக்கு இறங்குகிறது. ஆறு இணைதிற குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, ஆகவே கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடவே கூடாது. பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, செறிவு. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இரண்டு: நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தருவது 2013-இலும், 15 கோடி லிட்டர் தருவது 2024-இலும் தொடங்கின. லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்புள்ள நீரை அழுத்தம் கொடுத்துச் சவ்வின் வழியே தள்ளுகிறார்கள். அங்கே ‘கரைசல்கள்’ பாடம்தான் தொழில்.

ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு நேர்காணல் போனால் இப்படிக் கேட்பார்கள்: “0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர் தயாரிக்கணும். எப்படிச் செய்வீங்க?” பட்டம் வாங்கியவர்களே இதில் தடுமாறுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அடர் அமிலம் சுமார் 12 நார்மல், ஆகவே ஏறக்குறைய 8.3 மில்லிலிட்டர் எடுத்து, தண்ணீருக்குள் அமிலத்தை ஊற்றி, ஒரு லிட்டருக்கு நிரப்ப வேண்டும். பதில் அதோடு முடியவில்லை. “சோடியம் கார்பனேட்டை வைத்து உண்மையான செறிவைக் கண்டுபிடித்துப் பாட்டிலில் எழுதுவேன், தேதியும் போடுவேன்” என்று சேர்த்துச் சொல்பவரைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

எந்த வழியில் போவது? பத்தாம் வகுப்பு முடித்ததும் ஐ.டி.ஐ.யில் கெமிக்கல் பிளான்ட் ஆய்வக உதவியாளர் பிரிவு உண்டு. கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமோ இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கோடு வேதியியல் எடுத்தவர்கள் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் லெதர் டெக்னாலஜி படிக்கலாம், அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்த படிப்பு அது. பி.எஸ்சி. வேதியியல் என்றால் தாம்பரத்திலேயே சென்னைக் கிறித்துவக் கல்லூரி இருக்கிறது. வீட்டுச் சூழல் காரணமாகச் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டியவர்களுக்கு ஐ.டி.ஐ. வழியை நான் தயங்காமல் சொல்வேன். கை பழகிய பிறகு டிப்ளமோவுக்கு மேலேறலாம்.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பியூரெட்டை ஒவ்வொரு மாணவரும் தனியாகப் பிடிக்கிறார்களா, நான்கு பேருக்கு ஒன்றா என்று அங்கே படிப்பவர்களிடமே விசாரியுங்கள். தரம்பார்த்தலைப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தே மூன்று வருடம் கழியும் இடமென்றால் வேறு கல்லூரி தேடுங்கள்.