குத்தம்பாக்கத்தில் பேனல் கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

குத்தம்பாக்கத்தில் சின்னதாக ஒரு ஷெட் எடுத்து, இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் பேனல் கட்டித்தரத் தொடங்கியிருக்கிறாய். திருமழிசை சிட்கோவும் அம்பத்தூர் எஸ்டேட்டும் எட்டும் தூரத்தில் இருப்பதால் வேலைக்குப் பஞ்சம் வராது. "ஐஎஸ்ஐ, சிஇ போட்ட சாமான்தான் வாங்குகிறேன், பிறகென்ன பயம்?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

நல்ல சாமான் வாங்குவது பாதி வேலைகூட இல்லை. ஆய்வகத்தில் ஒரு கான்டாக்டர் தேறியது என்றால், இன்ன சூட்டில், இன்ன சுமையில், இன்ன ஃபியூசுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தபோது தேறியது என்று அர்த்தம். உன் பேனலுக்குள்ளும் அதே நிலைமை இருக்கிறதா என்று பார்க்க அந்த ஆய்வகம் வராது. பார்க்க வேண்டியவன் நீ.

கான்டாக்டரையே எடுத்துக்கொள். பக்கவாட்டில் 32 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அது ஏசி-1, அதாவது ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. அதே உருப்படிக்கு ஏசி-3 என்ற மோட்டார் வரிசையில் 18 ஆம்பியர்தான் இருக்கும். மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப்போல் ஆறு மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும். அதனால்தான் ஐஇசி 60947-4-1 தரம் இவற்றைத் தனித்தனி வகையாக வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. விட்டு விட்டு இன்ச்சிங் செய்யும் இயந்திரமென்றால் மோட்டார் வேகம் பிடிப்பதற்கு முன்பே, அந்த ஆறு மடங்கிலேயே திறந்தாக வேண்டும். அது ஏசி-4, எண் இன்னும் இறங்கிவிடும். பெரிய எண்ணை நம்பிப் போட்டால் ஒருநாள் காண்டாக்ட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பவர் பிரஸ்ஸில் நிற்கும் ஆபரேட்டர் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்துவார். காயிலுக்கு சப்ளை நின்றுவிடும், மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த பேனலில் முத்திரை இல்லாத ஒரு சாமான்கூட இருக்காது, தம்பி.

அதனால் ஸ்டாப் பாதையில் இரண்டு கான்டாக்டரை வரிசையாகப் போடு. மிரர் காண்டாக்ட் என்று தரம் அங்கீகரித்த துணைக் காண்டாக்ட் உள்ளதாகப் பார்த்து வாங்கி, அதை சேஃப்டி ரிலேயின் ரீசெட் பாதையில் சேர். மெயின் காண்டாக்ட் ஒட்டியிருக்கும்வரை அது மூடாது, இயந்திரம் மறுபடி கிளம்பாது. செலவு கொஞ்சம் கூடும். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுக்காதே.

அடுத்தது சூடு. பேனலுக்கான ஐஇசி 61439 தரம் கட்டடத்துக்குள் வைக்கும் பேனலுக்கு எடுத்துக்கொள்ளும் வெளிச் சூடு அதிகபட்சம் 40 டிகிரி, ஒருநாள் சராசரி 35. நம் பக்கத்தில் மே மாதம், தகரக் கூரை போட்ட ஷெட்டில் இந்த வரம்பு நிற்குமா? பெட்டிக்குள் டிரைவும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்தால் இன்னும் ஏறும். 30 டிகிரியை அடிப்படையாக வைத்துத்தான் எம்சிபி டிரிப் ஆகும் அளவை அமைக்கிறார்கள். தயாரிப்பாளர் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சூட்டுக்கான குறைப்பு அட்டவணையைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நீ பார்.

எங்கே கொண்டுபோய் வைக்கப்போகிறார்கள் என்றும் கேள். 500 கேவிஏ, 4 சதவீத இம்பீடன்ஸ் உள்ள டிரான்ஸ்பார்மரின் வாயிலேயே பேனல் வந்தால் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் ஏறக்குறைய 17,000 ஆம்பியர். உன் 10 கிலோ ஆம்பியர் எம்சிபி தனியாக அதைத் தாங்காது. பிரேக்கர், கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே மூன்றையும் சேர்த்துச் சோதித்த பட்டியலைத் தயாரிப்பாளர்களே தருகிறார்கள். 'டைப் 2' என்றால் ஷார்ட்டுக்குப் பிறகும் அந்தக் கூட்டணி வேலைக்கு உதவும். ஸ்டாக் இல்லையென்று பாரிமுனையில் வேறு கம்பெனி பிரேக்கரை வாங்கிப் போட்ட நிமிடமே அந்தச் சோதனை உனக்கு இல்லாமல் போகிறது.

முத்திரைகளும் ஒரே மாதிரி அல்ல. மின்சாதனங்களில் சிஇ பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே தரும் உறுதிமொழி. ஐஎஸ்ஐ அப்படியில்லை, முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார். 1894இல் சிகாகோவில் தொடங்கிய யுஎல் நிறுவனம் உதிரிப் பாகங்களுக்கென்றே தனி முத்திரை வைத்திருக்கிறது. அதோடு 'ஏற்பு நிபந்தனைகள்' என்று ஒரு தாளும் உண்டு. நான் இவ்வளவு நேரம் சொல்ல முயல்வதை அவர்கள் தலைப்பாகவே வைத்துவிட்டார்கள்.

கனரகத் தொழில் அமைச்சகம் 2024 ஆகஸ்டில் இயந்திரங்களுக்கும் மின்கருவிகளுக்கும் பாதுகாப்பு ஆணை ஒன்றைக் கொண்டுவந்தது. ஓராண்டில் அமல் என்றார்கள். பிறகு 2026 செப்டம்பருக்குத் தள்ளினார்கள். தேதிகள் நகரும். அதுவரை பொறுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே.

உன் ஊரையே நினைத்துப் பார். ரசாயனப் பொறியாளரான இளங்கோ ஊருக்குத் திரும்பி, 1996இல் ஊராட்சித் தலைவரானார். ஊரில் விளைவதை ஊரிலேயே பதப்படுத்த வேண்டும் என்பது அவர் விடாமல் சொன்ன விஷயம். அப்படியொரு பருப்பு உடைக்கும் இயந்திரத்துக்கு நாளை உன்னிடம் பேனல் கேட்டு வரலாம். அதை ஓட்டப்போகும் அக்காவுக்கு ஏசி-3 தெரிய வேண்டிய அவசியமில்லை. ஈரக் கையோடு பட்டனைத் தொடுவார். அவருக்காக எர்த் தொடர்ச்சியை அளந்து எழுது. ஐபி 55 பெட்டியில் கிளாண்ட் இல்லாமல் ஓட்டை போட்டு கேபிளை நுழைக்காதே. அந்த எண் ஓட்டை இல்லாத பெட்டிக்குக் கிடைத்தது.

ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு கோப்பு வை. டெர்மினல்களை எத்தனை நியூட்டன் மீட்டரில் முறுக்கினாய், மெக்கரில் என்ன வந்தது, எந்த அட்டவணையைப் பார்த்துச் சாமான் தேர்ந்தாய் எல்லாம் அதில் இருக்கட்டும். இப்போது கையில் இருக்கும் வேலையின் வரைபடத்தை அனுப்பு. எந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து எத்தனை மீட்டர் கேபிள் வருகிறது என்பதையும் எழுது. ஷார்ட் சர்க்யூட் கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்