பாட்டுக்கு ஒரு ராத்திரி: ஊர் மேடையா, நகரத்து மைதானமா, காசினோ அரங்கமா?

பங்குனி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரத்தில் பாட்டுக் கேட்க ஊர் ஊராகப் போகலாம். மாரியம்மன் பொங்கலுக்கு ஒரு ராத்திரி இன்னிசைக் கச்சேரி, ஒரு ராத்திரி நாடகம், ஒரு ராத்திரி கரகாட்டம் என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அதே நாட்களில் கைப்பேசிக்கு வேறு அழைப்புகளும் வருகின்றன. சென்னையில் பெரிய இசையமைப்பாளரின் கச்சேரி, கோயம்புத்தூரில் ராக் இசைக்குழு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மச்சான் அனுப்பிய மெரினா பே சாண்ட்ஸ் அரங்கத்துப் படம், கெந்திங் மலைக்கு டூர் கூட்டிப்போகிறவர்களின் விளம்பரம். கடைசி இரண்டும் காசினோ உள்ள இடங்கள்.

இவற்றில் எதற்குக் காசையும் தூக்கத்தையும் கொடுக்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் விலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாட்டு முடிந்தபின் எந்த வண்டியில், யாரோடு, எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்வீர்கள் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். கடைசி டவுன் பஸ் போய்விட்டால் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கே ஆட்டோ தேட வேண்டிய பூமி இது.

அந்தக் கணக்கில் ஊர்க் கச்சேரிக்கு நிகரில்லை. நடந்தே போய் நடந்தே திரும்பலாம்; பாயை விரித்துப் பிள்ளைகளைத் தூங்க வைக்கலாம். கீபோர்டு, லீட் கிட்டார், பேஸ், பேட், தபேலா எல்லாம் மேடையில் இருக்கும். கெடுவது பெரும்பாலும் ஒலிதான். மேடையை நன்றாகப் பார்க்கலாம் என்று ஸ்பீக்கர் அடுக்குக்கு எதிரே போய் உட்காராதீர்கள். மிக்ஸர் வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒலியமைப்பாளர் தன் காதுக்கு எப்படிச் சரிசெய்கிறாரோ, அதே ஒலி உங்களுக்கும் கிடைக்கும். அரங்குகளிலும் கச்சேரிகளிலும் ஒலி கால் மணி நேரச் சராசரியில் 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. நம் ஊர் மைதானங்களில் அதை யாரும் அளப்பதில்லை. ஆகவே கைக்குழந்தையோடு போகிறவர்கள் மைதானத்தின் ஓரத்திலேயே இருப்பது நல்லது.

முடியும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு நள்ளிரவு வரை தளர்வு தரலாம், அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மேல் இல்லை. ஒன்பதரைக்குச் சாவகாசமாகக் கிளம்பிப் போனால் நன்றியுரைதான் கேட்கக் கிடைக்கும்.

நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்து இளைஞர்கள் அதைக் கிழவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கி வருகிறார்கள். ராக் இசையில் அவர்கள் தேடுகிற உயிர்ப்பு, எந்த நிமிடம் என்ன நடக்கும் என்று தெரியாத அந்தப் பரபரப்பு, ஸ்பெஷல் நாடகத்தில் முழுசாக இருக்கிறது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். ஒவ்வொருவரையும் விழாக்குழு தனித்தனியாகப் பேசி வரவழைக்கும். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. அன்றைக்கு மேடையில்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். பக்கவாத்தியத்துக்கு ஆர்மோனியம், மிருதங்கம், டோலக்கு, கூடவே பல தாளக் கருவிகளை வாசிக்கும் ஆல்ரவுண்ட்காரர். பாடுகிறவர் சுருதியை ஏற்றினால் ஆர்மோனியக்காரர் அந்தக் கணமே பிடித்தாக வேண்டும்.

தூத்துக்குடிப் பக்கம் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக் கொடுத்த பாட்டும் கதையும்தான் இன்றைக்கும் அஸ்திவாரம். வள்ளி திருமணம்தான் அதிகம் போடப்படுகிறது. கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1920களில் கொழும்பு மேடையில் சேர்ந்து நடித்துப் பேர் வாங்கியதும் அதே நாடகத்தில்தான். முன்னிரவில் பபூனும் டான்ஸும் சிரிக்க வைப்பார்கள். பின்னிரவில் வள்ளியும் வேடனாக வரும் முருகனும் போடும் தர்க்கம் இருக்கிறதே, அதற்குத்தான் விவரம் தெரிந்தவர்கள் கண்விழிப்பார்கள். ஒருவர் கேள்வியைப் பாட்டாகப் போட, அடுத்தவர் அங்கேயே பதில் கட்டிப் பாட வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எழுந்து வந்துவிட்டு நாடகம் பார்த்தேன் என்று சொல்லக் கூடாது. நள்ளிரவுக்குப் பின் ஒலிபெருக்கி இல்லாமலும் விடியும் வரை நாடகம் போடும் ஊராகப் பார்த்துப் போங்கள். மதியம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். விடிந்ததும் முதல் பஸ் வந்துவிடும் என்பதால் திரும்பும் கவலையும் இல்லை.

சரி, எனக்கு ராக்தான் வேண்டும், நின்று குதித்துக் கேட்க வேண்டும் என்பவர் நகரத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். தைக்குடம் பிரிட்ஜ், அகம் போன்ற குழுக்கள் பெரிய நகரங்களில் வாசிக்கின்றன. பா. இரஞ்சித் முன்னெடுத்து, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ராக்கோடு சேர்த்துத் தமிழிலேயே பாடியது. அதைப் போன்ற ஒன்று மதுரைக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள். மாட்டுத்தாவணியிலிருந்து அருப்புக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர்தான். தூத்துக்குடி போகும் பஸ்கள் இருக்கின்றன. ஆனால் இரவு வண்டி ஊருக்குள் வருமா, நான்கு வழிச்சாலையிலேயே இறக்கிவிடுமா என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள்.

சென்னை என்றால் சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். அங்கே 2023இல் நடந்ததை மறக்க வேண்டாம். ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ ஆகஸ்ட் 12ஆம் தேதி நடப்பதாக இருந்து மழையால் தள்ளிப்போனது. செப்டம்பர் 10ஆம் தேதி பனையூரில் நடந்தபோது கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், டிக்கெட் வைத்திருந்தவர்களே உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். ரகுமான் வருத்தம் தெரிவித்து, டிக்கெட் நகலை அனுப்பியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தார். டிக்கெட் காசு திரும்பலாம், ரயில் காசும் லாட்ஜ் காசும் திரும்பாது. அதனால் வெளியூர்க் கச்சேரி என்றால் திறந்த மைதானத்தைவிடக் கூரை போட்ட அரங்கத்தையும், எண் போட்ட இருக்கையையும் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த மைதானமே வேண்டாம். கரிசல் மண்ணில் மழைக்குப்பின் நடந்து பழகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கூட வருகிறார்கள் என்றால் கழிப்பறை எத்தனை, எங்கே என்று டிக்கெட் எடுக்கும் முன்பே விசாரியுங்கள். பதில் சொல்லத் தெரியாத அமைப்பாளரிடம் டிக்கெட் எடுக்காதீர்கள்.

இனி காசினோ. தமிழ்நாட்டில் காசினோ கிடையாது. 1930ஆம் ஆண்டின் சூதாட்டத் தடைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. இந்தியாவுக்குள் நம்மவர்கள் போவது பெரும்பாலும் கோவாவுக்குத்தான். பணஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் நுழைவுக் கட்டணத்துக்குள்ளேயே சாப்பாடு, மது, மேடை நிகழ்ச்சி எல்லாம் அடங்கிவிடும். 2025 செப்டம்பரிலிருந்து அந்த நுழைவுக்கு 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. வேறு. அங்கே பாட்டு என்பது ஆட வந்தவர்கள் எழுந்து போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. பாட்டுக்காகப் போகிறவர் அந்தக் கப்பலில் ஏற வேண்டாம்.

சிங்கப்பூர் வேறு மாதிரி. 2010இல் திறந்த மெரினா பே சாண்ட்ஸில் சுமார் இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கம் தனி, காசினோ தனி. காசினோ வாசலை மிதிக்காமலேயே நிகழ்ச்சி பார்த்துவிட்டு, கீழேயே உள்ள பேஃப்ரண்ட் நிலையத்தில் ரயிலேறிவிடலாம். திரும்பும் வழி இவ்வளவு சுலபமாக உள்ள அரங்கம் அபூர்வம். அண்ணனோ மச்சானோ அங்கே இருந்து, எப்படியும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 21 வயதுக்குக் கீழ் யாருக்கும் காசினோவில் அனுமதியில்லை. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு நாள் நுழைவுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்டினால் கட்டணமில்லை. அந்த இலவச வாசல்தான் ஊரிலிருந்து போகிறவருக்கு ஆபத்து. அங்கே வேலை செய்யும் உறவினர் யாராவது சூதாட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தால், அவரை உள்ளே விடாதபடி தடை கேட்டுக் குடும்பத்தாரே விண்ணப்பிக்க அந்நாட்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. வெட்கப்பட்டு மறைக்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

மலேசியாவின் கெந்திங் மலை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,800 மீட்டர். அங்குள்ள அரினா ஆஃப் ஸ்டார்ஸ் பெரிய கச்சேரிகளுக்குப் பேர்போனது. ஆனால் கோலாலம்பூரிலிருந்து மலையேறி, கச்சேரி பார்த்து, ராத்திரியே இறங்குவது சிரமம், தங்கத்தான் வேண்டும். கச்சேரி நாளில் அறை வாடகை ஏறும். நம் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு ஸ்வெட்டர் அவசியம். கொழும்பில் 2025 ஆகஸ்டில் திறந்த சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ் காசினோ விடுதி நமக்கு மிகப் பக்கம். மதுரையிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம். நீங்கள் ஆசைப்படும் பாடகர் அங்கே வந்தால் போகலாம், இடத்தைப் பார்க்க மட்டும் போக வேண்டாம்.

எந்தக் காசினோவுக்குப் போனாலும் மேசைப் பக்கம் போகாதீர்கள் என்று நான் சொல்வது ஒழுக்கத்துக்காக மட்டும் இல்லை, கணக்கே அப்படித்தான். ஒற்றைச் சுழி உள்ள ரூலெட் சக்கரத்தில் 37 கட்டங்கள். எண்ணுக்குக் கட்டி வென்றால், கட்டிய காசு போகக் கூடுதலாகக் கிடைப்பது 35 மடங்கு. நூறு ரூபாய் கட்டினால் சராசரியாக 2 ரூபாய் 70 காசு காசினோவுக்குப் போகும். இரட்டைச் சுழிச் சக்கரமானால் 5 ரூபாய் 26 காசு. ஒரு தடவைக்குச் சிறிய தொகைதான். ராத்திரி முழுக்கச் சுற்றினால் தறியில் நெய்து சேர்த்த கூலி கரைந்துவிடும். ஏ.டி.எம். கார்டை அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, திரும்பும் செலவுக்கு மட்டும் ரொக்கம் எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போங்கள்.

என்னிடம் ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் காசும் விடுப்பும் இருக்கிறது என்று யாராவது கேட்டால், திருச்சுழிப் பக்கம் முழு ராத்திரி வள்ளி திருமணம் போடும் கிராமத்துக்குத்தான் அனுப்புவேன். இரண்டாவது ராத்திரி இருந்தால் மதுரை. விழாக்குழுவில் இருக்கும் பெரியவர்களிடமும் தம்பிகளிடமும் ஒரு வேண்டுகோள்: இந்தப் பொங்கலுக்கு ரெக்கார்டு டான்ஸுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு ராத்திரி நாடகம் பேசுங்கள், நோட்டீஸில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் சேர்த்து அச்சடியுங்கள்.