அம்பின் விறைப்பும் வில்லின் வலிமையும்

முன்னுரை

கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கணையையும் யாழையும் ஒருங்கு வைத்துக் காட்டும் குறளை நாம் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். கணை வடிவால் நேரானது, செயலால் கொடியது. யாழ் வடிவால் வளைந்தது, செயலால் இனியது என்பது அதன் கருத்து. ஒருமுறை பாடம் முடியும் வேளையில் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, வில்லின் நடுவில் மரம் இருக்கிறது. அம்பை அதன் பக்கவாட்டில்தான் வைக்க முடியும். நாணோ வில்லின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அப்படியானால் அம்பு ஒருபுறம் விலகத்தானே வேண்டும்? எப்படி நேரே செல்கிறது?" என்று வினவினார். "கணை விறைப்பானது, ஆதலின் நேரே செல்கிறது" என விடையிறுத்தோம். பின்னர் வில்வித்தை பற்றிய செய்திகளைத் தேடிப் பயின்றபோது நம் விடை பிழையென்று உணர்ந்தோம். அன்று அம்மாணவருக்குக் கூறியிருக்க வேண்டிய விடையே இக்கட்டுரை.

வளைந்து செல்லும் கணை

வலக்கையால் நாணை இழுப்பவர் அம்பை வில்லின் இடப்புறத்தில் வைக்கிறார். நாண் விரல்நுனிகளை விட்டு நழுவும்போது சற்றே பக்கவாட்டில் விலகுகிறது. அதே கணத்தில் அம்பின் பின்முனையைப் பெருவிசை ஒன்று தள்ளுகிறது. முன்முனையின் கனமோ உடனே நகர மறுக்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்ட தண்டு வளைகிறது. முதலில் அதன் நடுப்பகுதி வில்லை நோக்கி வளையும். அடுத்து மறுபுறம் வளையும். இவ்வாறு நெளிந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு செல்வதனால், இறகு தாங்கிய வால்பகுதி மரத்தில் மோதாமல் கடந்துவிடுகிறது. பின்னர் நெளிவு படிப்படியாக அடங்க, அம்பு இலக்கை நோக்கி நேர்கோட்டில் விரைகிறது.

இந்நிகழ்வை வெறுங்கண்ணால் காண இயலாது. அமெரிக்க இயற்பியலறிஞர் கிளாரன்ஸ் ஹிக்மன் 1930களில் அதிவேகப் படச்சுருளில் பதிவு செய்து இதனைத் தெளிவுபடுத்தினார். மேலைநாட்டார் இதனை 'வில்லாளனின் முரண்புதிர்' என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். நேரே செல்ல வேண்டுமாயின் அம்பு வளைய வேண்டும் என்பதே அம்முரண்.

ஆயின், எவ்வளவு வளைய வேண்டும்? மிக விறைத்த அம்பு போதிய அளவு வளையாமல் இடப்புறம் விலகும். மிகத் தளர்ந்த அம்பு அளவுக்கு மீறி வளைந்து வலப்புறம் விலகும். இடக்கையால் இழுப்பவர்க்கு இது மாறி அமையும். ஒவ்வொரு வில்லுக்கும் அதற்கேற்ற விறைப்புடைய அம்பு வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

அளவிடும் முறை

இவ்வறிவு புதிதன்று. இங்கிலாந்தில் 1545இல் வில்வித்தை பற்றி நூலெழுதிய ரோஜர் ஆஸ்கம், அம்புக்குரிய மரங்களாகப் பதினைந்தினை எடுத்துரைத்தார். போர் அம்புக்கு ஆஷ் மரத்தைச் சிறப்பித்தார். அதே ஆண்டில் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1982இல் கடலினின்றும் மேலே கொணரப்பட்டது. அதனுள்ளிருந்து கிடைத்த ஆயிரக்கணக்கான அம்புகளுள் பல பாப்லர் மரத்தால் ஆனவை. அக்காலக் கைவினைஞர் விறைப்பைக் கையாலும் கண்ணாலுமே அறிந்திருக்க வேண்டும்.

இக்காலத்தார் அதனை எண்ணால் குறிக்கின்றனர். 26 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளின்மேல் அம்புத்தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிடுவர். தண்டு எத்தனை அங்குலம் தாழ்கிறதோ அவ்வெண்ணால் 26ஐ வகுத்தால் விறைப்பு பவுண்டில் கிடைக்கும். 0.52 அங்குலம் தாழ்ந்தால் விறைப்பு 50 பவுண்டு, 0.65 அங்குலம் தாழ்ந்தால் 40 பவுண்டு. ஆங்கிலத்தில் இதனை 'ஸ்பைன்' என்பர். அச்சொல்லை 'முதுகெலும்பு' என மொழிபெயர்த்தல் பொருந்தாது. 'விறைப்பு' என்பதே பொருள் விளங்கும் சொல்லாகும்.

தேர்ந்தெடுக்கும் வகை

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தின் தென்மேற்கிலும் அதனையடுத்த கலிபோர்னியாப் பகுதியிலும் வளரும் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர், மர அம்புக்குப் பெயர்பெற்றது. சிட்கா ஸ்ப்ரூஸ், டக்ளஸ் ஃபர் ஆகியவையும் பயன்படுகின்றன. விற்பவர் தண்டுகளை அளந்து 40 முதல் 45, 45 முதல் 50 எனத் தொகுதிகளாகப் பிரித்து வைப்பர்.

வாங்குபவர் முதலில் தம் வில்லின் இழுவிசையை அறிய வேண்டும். வில்லின்மேல் பொறிக்கப்படும் எண் பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்கு உரியது. 45 பவுண்டு வில்லை ஒருவர் 27 அங்குலமே இழுப்பாராயின் அவர் பெறும் விசை ஏறத்தாழ 42 பவுண்டுதான். எனவே 40 முதல் 45 என்னும் தொகுதியில் அவர் தேடத் தொடங்கலாம். கைப்பிடி அகன்ற வில்லாயின் அம்பு மேலும் சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால் அதற்குக் கீழ்த்தொகுதியே பொருந்தக்கூடும். கைப்பிடியில் நடுவரை வெட்டு அமைந்த வில்லுக்கு விறைப்பு மிக்க அம்பு வேண்டும்.

அம்பின் நீளமும் முனையின் எடையும் இக்கணக்கை மாற்றும். நீண்ட தண்டும் கனத்த முனையும் அம்பைத் தளர்ந்ததுபோல நடக்கச் செய்யும். குறுகிய தண்டும் இலேசான முனையும் விறைத்ததுபோல நடக்கச் செய்யும். தண்டின் பருமனோ இன்னும் நுட்பமானது. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஒரே மரத்தில் விட்டம் பத்து விழுக்காடு மிகுந்தால் விறைப்பு 46 விழுக்காடு மிகும். உப்புத்தாளால் சிறிது தேய்த்தாலும் அம்பு பெரிதும் தளர்ந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

இறுதித் தீர்ப்பு கணக்கில் இல்லை. எய்து பார்ப்பதில் உள்ளது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் தொலைவிலிருந்து இறகுள்ள அம்புகள் சிலவற்றையும் இறகில்லாத அதே வகை அம்பு ஒன்றையும் எய்ய வேண்டும். வலக்கையர்க்கு இறகில்லா அம்பு மற்றவற்றின் இடப்புறம் தைத்தால் அது விறைப்பு மிக்கது. வலப்புறம் தைத்தால் தளர்ந்தது. இறகு பிழையை மறைக்கும். இறகில்லா அம்பு உள்ளதை உள்ளவாறு காட்டும்.

காக்க வேண்டியவை

இஃது இலக்கைத் தவறவிடும் சிக்கல் மட்டுமன்று. வலிய வில்லில் மிகத் தளர்ந்த அம்பையோ விரிசல் கண்ட அம்பையோ வைத்து எய்தால், அது வில்லை விட்டு நீங்குமுன் ஒடிந்து, சிம்பு வில்லேந்திய கையிலேயே பாயலாம். ஆதலின் மரக்கோடுகள் சாய்ந்தோடும் தண்டை விலக்க வேண்டும். எய்வதற்குமுன் ஒவ்வோர் அம்பையும் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். அம்பு மிக இலேசாக இருத்தலும் தீது. அது ஏற்காத விசை வில்லையே தாக்கும். மரவில்லுக்கு இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9 அல்லது 10 கிரெயின் எடை அம்பில் இருத்தல் நன்று. 45 பவுண்டு வில்லுக்கு இது 26 முதல் 29 கிராம் வரை ஆகும்.

முடிவுரை

நேரான கணையைப் பற்றிய வள்ளுவர் கருத்து பொய்க்கவில்லை. அவர் கூறியது வடிவத்தை. பிழை செய்தவர் நாமே. விறைப்பு ஒன்றே நேர்மை தரும் எனக் கருதினோம். மிக விறைத்த அம்பு நேரே செல்வதில்லை. மிகத் தளர்ந்த அம்பும் செல்வதில்லை. தன் வில்லின் விசைக்கு ஏற்ற அளவில் வளைந்து, பின் தன்னிலை மீளும் அம்பே இலக்கைச் சேர்கிறது. இக்குறளை இனி நடத்தும்போது அம்மாணவரின் வினாவையும் நாம் அளித்த பிழையான விடையையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். ஆசிரியரைத் திருத்தும் வினாவும் பாடத்தின் ஒரு பகுதியே அன்றோ!