தொடக்கத் திரையில் உங்கள் சின்னம்

கேள்வி: பள்ளிக் கணினிகளில் உபுண்டு ஓடுகிறது. ஆன் செய்ததும் கீழே தெரியும் உபுண்டு சின்னத்துக்குப் பதிலாக எங்கள் பள்ளிச் சின்னத்தை வைத்தேன். ஆனாலும் பழையதே வருகிறது. ஏன்?

பதில்: நீங்கள் மாற்றியது சரியான படத்தையே. ஆனால் தொடக்கத் திரை வட்டிலிருந்து அதை எடுப்பதில்லை. 2008-இல் ஃபெடோரா 10-உடன் வந்த ப்ளைமவுத் என்ற நிரல்தான் இந்தத் திரையைக் காட்டுகிறது. அது விழிக்கும் நேரத்தில் வட்டின் கோப்புகள் இன்னும் திறக்கப்பட்டிருக்காது. கெர்னலோடு நினைவகத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பில் படத்தின் பழைய நகல் இருக்கிறது, அதைத்தான் பார்க்கிறீர்கள். டெர்மினலில் நிர்வாகி உரிமையோடு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்’ கட்டளையை ‘-யு’ சேர்த்து ஓட்டுங்கள், தொகுப்பு புதிதாகும்.

மேலே தெரியும் தயாரிப்பாளர் சின்னம் ஃபெர்ம்வேர் கொடுப்பது. அது வேண்டாமென்றால் ப்ளைமவுத்தின் ‘பிஜிஆர்டி’ தீமிலிருந்து ‘ஸ்பின்னர்’ தீமுக்கு மாறலாம்.

பள்ளியின் பெயரோடு கணினி விழிப்பதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு அது தங்களுடையது என்ற உணர்வு வரும்; அவசியம் செய்யுங்கள். படத்தின் பிரதி ஒன்றைத் தனியே வைத்திருங்கள். ப்ளைமவுத் புதுப்பிக்கப்படும்போது உபுண்டுவின் படம் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும்.