நாக்கும் எச்சிலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தால் ஈரமான, சிவந்த பரப்புதான் தெரிகிறது. அதில் ஒரு துணுக்கை எடுத்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் வாய் வேறு விதமாகத் தெரியும். ஈறு ஒரு வகைத் திசு. கன்னத்தின் உட்புறம் வேறு வகை. நாக்கின் மேற்புறம் இன்னொரு வகை. இவற்றுக்கு அடியில் நூற்றுக்கணக்கான சுரப்பிகள். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் வாயைப் பற்றிப் புழங்கும் பல நம்பிக்கைகள் இந்த நுண்ணமைப்பைப் பார்த்ததும் உதிர்ந்துவிடும். அவற்றில் சில தீங்கற்றவை. சில உயிருக்கே உலை வைப்பவை.

நம்பிக்கை: நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் புளிப்பும் உப்பும், அடியில் கசப்பு.

உண்மை: பல தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் வண்ணம் தீட்டிய இந்த வரைபடம் தவறான வாசிப்பில் பிறந்தது. 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் நாக்கின் விளிம்பில் பல இடங்களில் சுவைக் கரைசல்களை வைத்துப் பார்த்தார். இடத்துக்கு இடம் உணர்திறனில் சிறிய ஏற்றத்தாழ்வு இருப்பதாகத்தான் அவர் எழுதினார். 1942இல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் தம் நூலில் அதை வரைகோடாக மாற்றியபோது, அளவுகள் தெளிவாக இல்லாததால் சிறிய வேறுபாடு பெரிதாகத் தோன்றியது. ‘இங்கே சற்றுக் கூடுதல்’ என்பது ‘இங்கே மட்டும்’ என்று பாடநூல்களில் ஏறிவிட்டது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் சோதித்தபோது வேறுபாடுகள் மிகச் சிறியவை என்றே தெரிந்தது.

நுண்ணோக்கியும் இதையே சொல்கிறது. ஒரு சுவை மொட்டில் 50 முதல் 100 செல்கள் வரை இருக்கும். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்தையும் அறியும் செல்கள் நாக்கின் எல்லாச் சுவைப் பகுதிகளிலும் கலந்தே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் சொரசொரப்பான புடைப்புகளே சுவை மொட்டுகள் என்பதும் தவறுதான். நாக்கின் மேல் மிகுதியாக இருக்கும் இழை வடிவப் புடைப்புகளில் சுவை மொட்டே கிடையாது. உணவைப் பற்றிப் புரட்டுவதே அவற்றின் வேலை. காளான் வடிவப் புடைப்புகளிலும், பக்கவாட்டு மடிப்புகளிலும், நாக்கின் பின்பகுதியில் அகழி சூழ நிற்கும் பத்துக்கு முன்பின்னான பெரிய வட்டப் புடைப்புகளிலும்தான் மொட்டுகள் புதைந்துள்ளன. அந்த அகழிகளின் அடியில் தனிச் சுரப்பிகள் உண்டு. அவை நீர்த்த சுரப்பை ஊற்றி முந்தைய கவளத்தின் சுவையைக் கழுவிவிடுவதால்தான் அடுத்த கவளத்தின் சுவை தனியே தெரிகிறது.

நம்பிக்கை: காரத்தையும் துவர்ப்பையும் சுவை மொட்டுகளே அறிகின்றன.

உண்மை: அறுசுவை என்று நாம் எண்ணுவதில் இந்த இரண்டும் வேறு வழியில் வருகின்றன. மிளகாயின் காப்சைசின் சுவை மொட்டைத் தேடிப் போவதில்லை. வலியையும் சூட்டையும் மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகளில் போய் ஒட்டுகிறது. அந்த நுனிகளில் உள்ள ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியஸின் குழு கண்டறிந்தது. 2021இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெப்பத்துக்கும் அதே ஏற்பி விழித்துக்கொள்கிறது. காரம் ‘எரிகிறது’ என்று உடல் உணர்வதற்குக் காரணம் இதுவே. காப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் தண்ணீரைவிடத் தயிரும் பாலும் நல்ல துணை.

துவர்ப்பின் கதை எச்சிலோடு பிணைந்தது. பாக்கு, வாழைப்பூ, நாவற்பழம் போன்றவற்றில் உள்ள டானின்கள் எச்சிலில் இருக்கும் புரோலின் மிகுந்த புரதங்களைப் பிடித்துத் திரளச் செய்கின்றன. வாயின் வழுவழுப்பு குறைகிறது. நாக்கு அண்ணத்தில் உராய்கிறது. அந்த இழுப்பைத்தான் துவர்ப்பு என்று உணர்கிறோம்.

நம்பிக்கை: எச்சில் என்பது ரத்தத்திலிருந்து கசியும் வெறும் நீர்.

உண்மை: எச்சிலில் 99 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். ஆனால் அது கசிவு அல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்ல் லுட்விக் என்ற உடலியலாளர் நாயின் கீழ்த்தாடைச் சுரப்பிக்குச் செல்லும் நரம்பைத் தூண்டி, எச்சில் நாளத்தில் எழும் அழுத்தத்தை அளந்தார். அது தமனியின் ரத்த அழுத்தத்தையே மிஞ்சியது. வடிகட்டியில் இறங்கும் நீர் தன்னைத் தள்ளும் அழுத்தத்தை மிஞ்ச முடியாது. சுரப்பியின் செல்கள் ஆற்றலைச் செலவிட்டு எச்சிலை உண்டாக்குகின்றன என்பதற்கு அது சான்றானது.

அந்தத் தொழிற்சாலையை நுண்ணோக்கியில் பார்க்கலாம். செல்கள் திராட்சைக் கொத்தைப் போலத் திரண்டு நிற்கின்றன. காதுக்கு முன்னும் கீழுமாக உள்ள பரோடிட் சுரப்பியில் நீர்த்த, நொதி நிறைந்த சுரப்பைத் தரும் செல்களே உண்டு. நாவடிச் சுரப்பியில் கோழை போன்ற கெட்டிச் சுரப்பைத் தரும் செல்கள் மிகுதி. கீழ்த்தாடைச் சுரப்பியில் இரண்டும் கலந்துள்ளன. ஒவ்வொரு கொத்தையும் தசையைப் போலச் சுருங்கும் செல்கள் தழுவி நின்று பிழிகின்றன. சுரப்பு வெளியேறும் வழியில் வரியிட்ட நாளங்கள் உள்ளன. மைட்டோகாண்ட்ரியா அடுக்கடுக்காக நிற்பதே அந்த வரிகள். சுரப்பில் உள்ள சோடியத்தை அவை திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அதனால் எச்சிலில் ரத்தத்தைவிட உப்பு மிகக் குறைவு. சாம்பாரில் ஒரு சிட்டிகை உப்பு கூடினாலும் நாக்கு கண்டுபிடிக்க இது உதவுகிறது.

இப்படி நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் நீரில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் உண்டு. கிருமிகளைத் தாக்கும் லைசோசைம் உண்டு. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும், பல்லின் எனாமலைச் செப்பனிடும் கால்சியமும் பாஸ்பேட்டும் உண்டு. எனாமலைக் கட்டிய செல்கள் பல் முளைத்ததும் மறைந்துவிடுகின்றன. அதன் பிறகு எனாமலுக்கு உடல் தரும் ஒரே பராமரிப்பு எச்சில்தான். எச்சில் வற்றியவர்களின் பற்கள் விரைவாகச் சொத்தையாவது இதனால்தான்.

பாடநூலும் திருத்தத்துக்கு உட்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். கோழைச் செல்களின் முனையில் பிறை வடிவில் நீர்ச்சுரப்புச் செல்கள் கவிந்திருக்கும் என்று 1865இல் ஜியானுஸி விவரித்ததை மருத்துவ மாணவர்கள் இன்றும் வரைகிறார்கள். 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலியின் நாவடிச் சுரப்பியை மின்னல் வேகத்தில் உறையவைத்துப் பார்த்தபோது அந்தப் பிறைகள் இல்லை. இரு வகைச் செல்களும் ஒரே வரிசையில் நின்றன. வழக்கமான வேதிப் பதப்படுத்தலில் கோழைச் செல்கள் வீங்கி, பக்கத்துச் செல்களை வெளியே தள்ளியதால் உண்டான தோற்றமே அது என்று அவர்கள் முடிவு கண்டார்கள்.

நம்பிக்கை: பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் தங்கம் அணிந்தால் வீக்கம் வடியும்.

உண்மை: வீங்குவது பரோடிட் சுரப்பி, வீங்கவைப்பது ஒரு வைரஸ். புளிப்பைத் தின்றால் சுரப்பு தூண்டப்பட்டு வலி கூடுவதும் அதனால்தான். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் வீக்கம் தானாகவே வடிகிறது. அந்தப் பெருமை தங்கத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் இந்த வைரஸ் விதைப்பையையும் மூளை உறைகளையும் செவித்திறனையும் தாக்கக்கூடும். சங்கிலி அதைத் தடுக்காது. எம்.எம்.ஆர். தடுப்பூசி தடுக்கும்.

நம்பிக்கை: காயத்தில் எச்சில் வைத்தால் ஆறிவிடும்.

உண்மை: வாய்க்குள் ஏற்படும் காயம் தோலில் ஏற்படுவதைவிட விரைவாகவும் தழும்பு குறைவாகவும் ஆறுகிறது என்பது மெய். எச்சிலில் உள்ள ஹிஸ்டாடின் என்ற புரதங்கள் செல்களை நகரத் தூண்டி காயத்தை மூட உதவுவதை 2008இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அதே எச்சிலில் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. மனித வாய்களில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் கண்டறியப்பட்டுள்ளன. வாய்க்குள் அடங்கிக் கிடப்பவை கிழிந்த தோலுக்குள் புகுந்தால் சீழ் வைக்கலாம். ஓடும் நீரும் சோப்பும்தான் காயத்துக்கு முதல் உதவி.

நம்பிக்கை: வாய்ப்புண் எல்லாமே உடல் சூட்டால் வருவது.

உண்மை: திரும்பத் திரும்ப வரும் சிறிய வெள்ளைப் புண்கள் பெரும்பாலும் உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் அடி ஆகிய இடங்களில்தான் வருகின்றன. அங்கே கெரட்டின் கவசம் இல்லை. உணவு உரசும் ஈறும் மேலண்ணத்தின் கடினப் பகுதியும் கெரட்டின் போர்த்தியவை. இந்தப் புண்கள் அங்கே அரிது. பல் குத்திய காயம், மன அழுத்தம், இரும்புச்சத்தும் பி12உம் குறைவது ஆகியவை தூண்டுகோல்கள். கன்னத்தின் உட்படலம் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இந்தச் சிறு புண்களும் ஏறக்குறைய அதே காலத்தில் ஆறிவிடுகின்றன. மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண்ணுக்குச் ‘சூடு’ என்று பெயர் வைத்துக் காத்திருப்பது ஆபத்து.

நம்பிக்கை: புகையிலை சேர்க்காவிட்டால் வெற்றிலை பாக்கு தீங்கில்லை.

உண்மை: இந்தப் பட்டியலில் மிகவும் விலை கொடுக்கவைத்த நம்பிக்கை இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை இல்லாத வெற்றிலைத் தாம்பூலத்தையும் பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது.

வாயின் மேற்படலத்துக்கு அடியில் தளர்ந்த இணைப்புத் திசு இருக்கிறது. கன்னம் விரிவதும் வாய் அகலத் திறப்பதும் அதன் நெகிழ்வால்தான். பாக்கில் உள்ள அரிகோலின் அங்குள்ள நார்ச்செல்களைக் கொலாஜனை மிகுதியாக உண்டாக்கத் தூண்டுகிறது. பாக்கில் உள்ள செம்பு அந்த இழைகளைக் குறுக்கே பிணைக்கும் நொதியை ஊக்குவிக்கிறது. பிணைந்த கொலாஜனை உடலால் எளிதில் சிதைக்க முடியாது. ரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன, மேற்படலம் மெலிகிறது. முதலில் காரம் தாங்காத எரிச்சல், பிறகு கன்னம் வெளிறி நார்போல இறுகுதல், கடைசியில் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் அடைத்துக்கொள்ளுதல்.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இப்படி வாய் இறுகும் நோய் கொண்ட 66 பேரை 17 ஆண்டுகள் கவனித்த ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்கு அது வாய்ப் புற்றுநோயாக மாறியிருந்தது. வண்ணப் பொட்டலங்களில் விற்கும் பாக்குத்தூளை இளம் வயதிலேயே பழகியவர்களும் இந்த நோயோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

வெற்றிலை, பாக்கு போடும் பெரியவர் வீட்டில் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இறுகிய கன்னம், மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண் ஆகியவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்த வாரமே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாக்கை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.